உணவுப் பட்டியலுக்கு ஒரு வாசல்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பதினேழுக்கு நான் பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தேன். அதே ஒன்பது பதினேழுக்கு, எங்கள் சமையற்கூடத்துக் கணினிப் பதிவின்படி, முதியோர் இல்லம் ஒன்றின் ஒன்பதாம் அறையில் இருந்த பெண்மணிக்கு மசித்த உணவை நிறுத்திவிட்டு வழக்கமான உணவை எழுதியிருக்கிறேன். பதிவில் என் முழுப்பெயர் இருந்தது.

அந்தப் பெண்மணிக்கு விழுங்க முடியாது. மதியம் தட்டத்தின் மூடியைத் திறந்த பராமரிப்பாளர் உள்ளே இறைச்சித் துண்டைக் கண்டதும் திரும்ப மூடிவிட்டார். அதனால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடந்திருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் வேலை செய்வது ஹனோவரின் ஓரத்தில் உள்ள ஒரு பெரிய சமையற்கூடத்தில். பதினான்கு முதியோர் இல்லங்களுக்கு அங்கிருந்துதான் மதிய உணவு போகிறது. காலை ஏழிலிருந்து பத்து வரை இல்லங்களிலிருந்து மின்னஞ்சல்கள் வரும். யாருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, யார் மருத்துவமனைக்குப் போய்விட்டார், யாருக்கு இனி மசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். பத்து மணிக்குப் பட்டியல் மூடப்படும். அதன் பிறகு சமையற்காரர்கள் அதைப் பார்த்துத் தட்டங்களை நிரப்புவார்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் சேர்ந்த நான் பதினொரு வருடம் கழித்து இந்தப் பட்டியலுக்கு வந்தேன். ஊரில் சாதாரண தரம், பதினோராம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. ஜெர்மன் மொழியை நீராவிக்கும் சத்தத்துக்கும் நடுவில் நின்று கற்றுக்கொண்டேன். பட்டியலைப் பார்ப்பவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. வெளியே சொன்னதில்லை.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். முன்பு தலைமைச் சமையற்காரியாக இருந்தவர், குரல் பெரியது. கணினித் திரையை என் பக்கம் திருப்பி அந்த வரியைக் காட்டினார். நான் உடனே "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். எனக்குப் பல் வைத்தியரின் நினைவு வந்தது படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான். கூச்சம் உள்ளவர்களுக்கு மன்னிப்பு முதலில் வரும், யோசனை பிறகுதான் வரும். திரும்பிப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அன்று பின்னேரமே அப்மானுங் பற்றிய பேச்சு வந்தது. தனிக்கோப்பில் வைக்கப்படும் எச்சரிக்கைக் கடிதம் அது. கடிதம் வந்தால் பட்டியல் என்னிடமிருந்து போய்விடும் என்றும், தட்டம் அடுக்கும் வரிசைக்கு நான் போக வேண்டியிருக்கும் என்றும் மேலாளர் நேரடியாகவே சொன்னார்.

உண்மையைக் கண்டுபிடித்தது ஒரு கோயம்புத்தூர்ப் பெண். ஆஹென் நகரில் படித்துவிட்டு இங்கே ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் சமையற்கூடத்துக்கு வருவாள். வந்தவள் பதிவையும் அன்றைய என் விடுப்புக் குறிப்பையும் பார்த்துவிட்டு என் மேசைக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, டென்டிஸ்ட்கிட்ட உக்காந்துகிட்டே எப்படிக்கா லாகின் பண்ணீங்க?"

"நான் பண்ணேல்லைப் பிள்ளை."

"அப்புறம் எதுக்கு சாரி சொன்னீங்க?"

"வாயில வந்திட்டுது."

"மரத்துப்போன வாயிலயா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உங்க பாஸ்வேர்ட யாருக்காவது குடுத்தீங்களா?"

எனக்குக் காது சுட்டது. கொடுத்திருந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் நிர்வாகம் மூன்று முகவர்களைக் கொண்டுவந்தது. முகவர் என்றால் ஆள் இல்லை, கணினிக்குள் தானாக வேலை செய்யும் செயற்கை அறிவு நிரல். ஒன்று இல்லங்களின் மின்னஞ்சல்களைப் படித்து உணவுப் பட்டியலை மாற்றும். ஒன்று பட்டியலைப் பார்த்து எத்தனை கிலோ உருளைக்கிழங்கு வேண்டும் என்று கணக்கிட்டு வியாபாரியிடம் கேட்கும். மற்றது வண்டிகள் போகும் வழியைப் போடும். முதலாவது முகவருக்குப் பட்டியலைத் திறக்க ஒரு கணக்கு வேண்டியிருந்தது. அதற்குத் தலைமை அலுவலகத்துக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதிப் போட வேண்டும், ஆறு வாரம் ஆகும். அப்போது இருந்த தொழில்நுட்பக்காரர் மேசையில் சாய்ந்து நின்று, "சில நாட்களுக்கு உங்களுடையதை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எட்டு மாதமாக அந்த முகவர் என் பெயரில் பட்டியலுக்குள் போய்வந்துகொண்டிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது ஓர் அறை மாற்றம். பதினான்காம் அறைப் பெண்மணியை ஒன்பதாம் அறைக்கு மாற்றியிருந்தார்கள். இல்லங்கள் இதை எப்போதும் இரண்டு மின்னஞ்சலாகத்தான் எழுதும். காலையில் "பதினான்கு காலி" என்று ஒன்று வரும், கொஞ்ச நேரம் கழித்து "ஒன்பதில் புதியவர்" என்று இன்னொன்று வரும். புதியவர் உண்மையில் புதியவரா, அறை மாறியவரா என்று நான் தொலைபேசியில் கேட்பேன். அது எங்கும் எழுதப்படாத என் பழக்கம். முகவர் கேட்கவில்லை. காலியான அறையின் குறிப்பை அழித்தது, புதியவருக்கு வழக்கமான உணவைப் போட்டது.

கோயம்புத்தூர்ப் பெண் மேலாளரிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். மேலாளர் என்னைப் பார்த்தார். "கடவுச்சொல்லைக் கொடுத்தது நீங்கள்தானே?"

"ஆம்" என்றேன்.

"அப்படியானால் கடிதம் இப்போதைக்கு என் மேசை லாச்சிக்குள் இருக்கட்டும். புதிய ஒழுங்கு வந்த பிறகு பார்ப்போம்."

புதிய ஒழுங்கு என்பது ஒரு கேட்வே. அந்தப் பெண் எனக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினாள். ஒரு பக்கம் மூன்று முகவர்கள், மறுபக்கம் பட்டியல், மின்னஞ்சல், கொள்முதல், வண்டி என்று கருவிகள். நடுவே கண்டபடி கோடுகள். எந்தக் கோட்டால் யார் போனார் என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியாது. கேட்வே வந்தால் கோடுகளெல்லாம் ஒரே வாசலால் போகும். வாசலில் பெயர் கேட்கப்படும். இவர் இதைப் படிக்கலாம், அதை மாற்றக் கூடாது என்று அங்கே எழுதிவைக்கலாம். மூன்று கேட்வே மென்பொருள்கள் பரிசீலனையில் இருந்தன. மூன்று வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து முடிவெடுப்பார்.

"யார் யார் தெரிவு செய்யுறீங்கள்?" என்று கேட்டேன்.

"நானு, உங்க மேடம், அந்த ஹெட் ஆபீஸ் ஆளு."

"பட்டியலைப் பாக்கிற ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

அவள் பேனையைக் கீழே வைத்தாள். "அக்கா, நீங்க மீட்டிங்ல பேசுவீங்களா? போன தடவை ஜன்னலத் திறக்கச் சொல்றதுக்கே எனக்கு மெசேஜ் அனுப்புனீங்க."

அது உண்மை. ஆனாலும் அன்றே மேலாளரின் கதவைத் தட்டினேன். தெரிவில் நானும் இருக்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டு வாக்கியம்தான், குளியலறையில் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். மேலாளர் புருவத்தைத் தூக்கினார். பிறகு, "சரி. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க வராதீர்கள்" என்றார்.

முதல் வாரம் மூன்று விற்பனைக் காணொளிகளைப் பார்த்தோம். முதலாவது கேட்வே பார்க்க மிக அழகு, வட்ட வட்டமாகப் படங்கள். இரண்டாவது எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொது மென்பொருள். அதற்குப் படமும் இல்லை, விற்பவரும் இல்லை. விதிகளைக் கையால் எழுத வேண்டும். மூன்றாவது, ஆபத்தான மாற்றம் எதையும் நிறுத்திவைத்து ஒரு மனிதரிடம் "செய்யட்டுமா?" என்று கேட்கும் என்றார்கள். அதைக் கேட்டதுமே என் மனம் அதில் விழுந்துவிட்டது. மேலாளரிடம் போய், "மூன்றாவதுதான்" என்று சொல்லியும்விட்டேன்.

அவர் கேட்டார். "காணொளியைப் பார்த்தா சொல்கிறீர்கள்? சூப்பை அப்படி வாங்குவோமா?"

எங்கள் சமையற்கூடத்தில் புதிய சூப் ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் ஒரு முறை இருக்கிறது. எல்லா நிறுவனங்களின் சூப்பையும் ஒரே மாதிரிக் கிண்ணங்களில் பெயர் இல்லாமல் வைப்பார்கள். சூடாக ஒரு கரண்டி குடிப்போம். பிறகு நாற்பது நிமிடம் அப்படியே விட்டுவிடுவோம். ஆறிய பிறகு இன்னொரு கரண்டி. கடைசி இல்லத்துக்குப் போய்ச் சேரும்போது சூப் ஆறித்தான் இருக்கும், அதனால் ஆறியபோது எப்படி இருக்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண். சூடாக இருக்கும்போது எந்தச் சூப்பும் நன்றாகத்தான் இருக்கும்.

நான் அந்தப் பெண்ணிடம் போனேன். "பிள்ளை, இதையும் ஆற வைச்சுப் பாக்கோணும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. சூப் கதையைச் சொன்னேன். "எல்லாம் சரியா இருக்கேக்க இல்லை. ஆள் இல்லாத நேரம், லைன் அறுந்த நேரம், அப்ப என்ன செய்யுதெண்டு பாக்கோணும்."

"அய்யோ, இதத்தான் நாங்க பெரிய பெரிய பேரு வச்சு டெஸ்ட்டுன்னு சொல்லிட்டுத் திரியறோம்" என்றாள்.

சோதனைக்கு உண்மையான பெயர்களை எடுக்க முடியாது, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். ஆகவே பொய்யான இல்லம் ஒன்றை உருவாக்கினோம். அதில் வசித்தவர்கள் எல்லோரும் காய்கறிகள். பதினான்காம் அறையில் திருமதி கரட், மசித்த உணவு. மூன்றாம் அறையில் திரு லீக்ஸ், கடலை ஒவ்வாமை. மின்னஞ்சல்களை நான் எழுதினேன். என் பழைய கொப்பியில், பட்டியலுக்கு வந்த நாளிலிருந்து இல்லங்கள் எழுதும் விதங்களைக் குறித்துவைத்திருந்தேன். அரைகுறை வாக்கியங்கள், தவறான அறை எண்கள், ஒரே விஷயத்தை இரண்டாகப் பிரித்து எழுதுவது எல்லாம் அதில் இருந்தன. நாலு நாள் வேலை முடிந்த பிறகு இருந்து இருபத்தாறு மின்னஞ்சல் எழுதினேன். என் ஜெர்மன் எழுத்துப்பிழைகளையும் அந்தப் பெண் திருத்தவில்லை. "விடுங்கக்கா, நர்ஸும் இப்படித்தான் எழுதுவாங்க" என்றாள்.

முதலாவது கேட்வே சூட்டிலேயே தோற்றது. திருமதி கரட்டின் உணவை மாற்றியது யார் என்று கேட்டால், பதிவில் "சேவை" என்று மட்டும் வந்தது. மூன்று முகவருக்கும் அதே பெயர். நான் பட்ட பாட்டை இனி "சேவை" படும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது சூட்டில் மிக நன்றாக இருந்தது. ஒவ்வொரு முகவருக்கும் தனிப்பெயர். அறை மாற்றம் வந்ததும் நிறுத்திவைத்து என் திரையில் கேட்டது. நான் அந்தப் பெண்ணைப் பெருமையோடு பார்த்தேன், ஏதோ நானே செய்த மாதிரி.

"இப்ப ஆற வைப்போமா?" என்றாள்.

கேள்வியைத் திரையில் அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் திருமதி கரட்டுக்கு வழக்கமான உணவு போட்டிருந்தது. பதினைந்து நிமிடம் யாரும் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளுமாம். அவள் விற்பனையாளரைத் தொலைபேசியில் பிடித்தாள். எங்கள் அளவு நிறுவனங்களுக்கான பதிப்பில் அதை மாற்ற முடியாது என்றார்கள்.

பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவதைச் சோதிக்க நான் ஆவலாக இருக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. விதிகளை அவள் எழுதினாள், நான் பக்கத்தில் இருந்து சொன்னேன். அங்கேதான் எனக்கு இன்னொன்று விளங்கியது. எல்லா மாற்றத்தையும் நிறுத்திவைத்தால் காலையில் நாற்பது தடவை சம்மதம் அழுத்த வேண்டும். மூன்றாம் நாளே நான் பார்க்காமல் அழுத்துவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் விழுங்குதல், ஒவ்வாமை, அறை மாற்றம் ஆகிய மூன்றை மட்டும் நிறுத்தச் சொன்னேன். தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது போகட்டும்.

அதையும் ஆற வைத்தோம். தேநீர் குடித்துவிட்டு வந்தால் கேள்வி அப்படியே நின்றது. திருமதி கரட்டுக்குப் பழைய மசித்த உணவே இருந்தது. கேட்வேயையே நிறுத்திப் பார்த்தோம். முகவரும் நின்றது. வேறு வழியால் உள்ளே போகவில்லை.

"அக்கா, இது பழுதானா கூப்பிட யாருமில்ல. நான்தான் பாத்துக்கணும்" என்றாள்.

"ஏலுமோ?"

அவள் நகத்தைக் கடித்தபடி திரையைப் பார்த்தாள். "செவ்வாயும் வியாழனும் இருக்கேன். மத்த நாள் வீட்டுல இருந்து பாக்கறேன். எழுதி வாங்கிக்கறேன் அவங்ககிட்ட."

கூட்டத்துக்கு ஒரு தாளில் ஜெர்மனில் எழுதிக்கொண்டு போனேன். தலைமை அலுவலகத்துக்காரர் முதலாவதையே விரும்பினார். மேலாளர் என்னைப் பார்த்து, "நீங்கள் மூன்றாவதைச் சொன்னீர்கள்" என்றார்.

தாளை மேசையில் வைத்துவிட்டேன். "நான் சொன்னது தவறு. சூட்டில் மட்டும் பார்த்துச் சொன்னேன். இரண்டாவதை எடுக்க வேண்டும்." பிறகு மூன்றும் ஆறியபோது என்ன செய்தன என்று வரிசையாகச் சொன்னேன். தலைமை அலுவலகத்துக்காரருக்குத் திருமதி கரட் யார் என்று விளங்கவில்லை. மேலாளர், "அது ஒரு வசிப்பாளர், தொடருங்கள்" என்றார்.

"வேலை நின்றுபோகும் மென்பொருளை யார் வாங்குவார்கள்?" என்று கேட்டார் தலைமை அலுவலகத்துக்காரர்.

"தட்டம் பிந்தினால் திட்டுவார்கள். தவறான தட்டம் போனால் மூச்சடைக்கும். நின்றால் நான் தொலைபேசி எடுத்துக் கேட்பேன்."

"நீங்கள் பல் வைத்தியரிடம் போனால்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் பதிலை எழுதிக்கொண்டு வந்திருந்தேன். "இன்னொருவரைப் பழக்க வேண்டும். இரண்டு பேர், இரண்டு கணக்கு. ஒருவருடையதை மற்றவர் தொடக் கூடாது."

மேலாளர் தலைமை அலுவலகத்துக்காரரிடம் திரும்பி, "இவர் சொல்வது ஆறிய சூப். எனக்கு விளங்குகிறது. இரண்டாவதை எடுப்போம்" என்றார். பராமரிப்புக்கு அந்தப் பெண்ணின் நேரத்தை எழுத்தில் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள்.

அது முடிவல்ல. கேட்வே தயாரான அன்று முகவரை என் கணக்கிலிருந்து விலக்கினார்கள், ஆனால் முகவரின் புதிய கணக்குக்கான அன்ட்ராக் தலைமை அலுவலகத்தில் இன்னும் கிடந்தது. மேலாளர் என் மேசைக்கு வந்தார். "ஒரு வாரத்துக்கு மட்டும் உங்கள் கணக்கால் இணைக்கலாமா? எல்லாம் தயார். வீணாக நிற்கிறது."

என் மேசைக்கு முன்னால் நின்று கேட்பவருக்கு நான் அதுவரை இல்லை என்று சொன்னதில்லை. அதிலும் அவருடைய லாச்சியில் என் கடிதம் இருந்தது.

"இல்லை" என்றேன். "அதுவரை நான் கையால் எழுதுகிறேன்."

அவர் திரும்பிப் போய்விட்டார். ஒன்பது நாள் கையால் எழுதினேன். காலை ஆறுக்கே வந்தேன். பதினான்கு இல்லம், ஒவ்வொரு மின்னஞ்சலும். ஏழாம் நாள் மணிக்கட்டு வீங்கியது. எட்டாம் நாள் மேலாளர் ஒரு கோப்பியை என் மேசையில் வைத்துவிட்டு, கடிதத்தைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். பத்தாம் நாள் முகவருக்குச் சொந்தக் கணக்கு வந்தது.

முதல் நாளே அறை மாற்றம் ஒன்று வந்தது. ஒன்பது ஐம்பதுக்குத் திரையில் கேள்வி நின்றது. ஆறாம் அறையில் புதியவர், வழக்கமான உணவு, செய்யட்டுமா? இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். யாரும் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். பத்து மணியாகியது, பட்டியல் மூடவில்லை. தட்டம் அடுக்குபவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

வண்டி ஓட்டும் அண்ணை கதவால் தலையை நீட்டினார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான்.

"என்ன தங்கச்சி, மெசின் வந்தா கெதியா முடியுமெண்டினம். இப்ப முந்தியையும் விடப் பிந்துது."

"ஒரு அறை விளங்கேல்லை அண்ணை."

"ஒரு அறைக்கு நாலு வண்டி நிக்குது. ஒண்டை அழுத்திவிடுமன். பிறகு பாப்பம்."

"ஏலாது. நிக்கட்டும்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஓம் ஓம், இப்ப நீர்தானே பெரிய ஆள்" என்று சொல்லிக்கொண்டு வாசற்படியிலேயே குந்திவிட்டார். நான் நாலாவது தடவை எண்ணை அழுத்தினேன். பத்து பன்னிரண்டுக்கு ஒரு தாதி மூச்சு வாங்க எடுத்தாள். ஆறாம் அறைக்கு வந்தவர் புதியவர் இல்லை, இரண்டாம் மாடியிலிருந்து இறங்கியவர், மசித்த உணவு என்றாள். நான் திரையில் "இல்லை" என்பதை அழுத்தி, சரியானதை என் பெயரில் எழுதிவிட்டுப் பட்டியலை மூடினேன்.